காட்டும் காசு வேறு. கொடுக்கும் காசு வேறு!

வெல்லம் வாங்கப் போகிறவன் என்ன செய்கிறான்? நெய்க்காரப்பட்டிப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. மேலே அழகாக அடுக்கிய நாலு உருண்டையைப் பார்த்து அவன் மூட்டைக்கு விலை பேசுவதில்லை. கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுக்கிறான், உடைக்கிறான், நிறம் பார்க்கிறான், நாக்கில் வைத்துப் பார்க்கிறான். பிறகுதான் பேரம்!

ஒரு மூட்டைச் சரக்குக்கு இத்தனை சோதனை. ஆனால் அதே மனிதன், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த இலட்ச ரூபாயை மடியில் முடிந்துகொண்டு, பேரும் ஊரும் அறியாத ஒருவன் காட்டிய இரண்டு பொற்காசை நம்பி இருட்டுத் தோப்புக்குள் நடக்கிறானே, அது ஏன்? அறிவில்லாமலா? இல்லை, தோழர்களே! அறிவைத் தூங்கவைக்கும் தாலாட்டை ஒருவன் பாடுகிறான். அந்தத் தாலாட்டின் பெயர் ‘புதையல்’.

நாட்டின் பல பகுதிகளிலும் காவல்துறை பதிந்த வழக்குகளில் கதை ஒன்றேதான். வெளியூர்க் கூலியாள் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருகிறான். கடைக்காரரிடமோ, டீக்கடையில் உட்கார்ந்த தொழிலாளியிடமோ பழகுகிறான். கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பானை கிடைத்தது என்கிறான். “வெளியே சொன்னால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும். உங்களைப் பார்த்தால் நல்லவராகத் தெரிகிறது. பாதி விலைக்குத் தருகிறேன்” என்று குழைகிறான். இரண்டு காசைக் கையில் வைத்து, “தட்டானிடம் கொண்டுபோய் உரசிப் பாருங்கள்” என்று அவனே சொல்லுகிறான்!

உரசிப் பார்த்தால் அசல் தங்கம். அங்கேதான் மனிதன் விழுகிறான். அந்த இரண்டு காசு விலைக்கு வந்த சரக்கல்ல. தூண்டில் முள்ளில் குத்திய புழு. பிறகு ஒரு நாள் குறிக்கப்படும். இடம் ஊருக்கு வெளியே, நேரம் பொழுது சாய்ந்தபின், தனியாக வரவேண்டும், பணம் ரொக்கமாக வேண்டும். பை கைமாறும். வீட்டில் வந்து அவிழ்த்தால் அத்தனையும் முலாம் பூசிய பித்தளை! சில இடங்களில் பித்தளைகூடக் கிடைப்பதில்லை. பணத்தை எண்ணும் நேரத்தில் ‘போலீஸ்’ என்று நாலு பேர் பாய்வார்கள். பையையும் பணத்தையும் பறிமுதல் என்று அள்ளிச் செல்வார்கள். அவர்களும் அந்தக் கூட்டத்தின் ஆட்களே.

இந்தப் பொய் ஏன் விலைபோகிறது? அதன் அருகிலேயே ஒரு மெய் நிற்பதால்தான். நம் மண்ணில் பொற்காசு கிடைத்ததே இல்லையா? கிடைத்தது. நெய்க்காரப்பட்டிக்கு அண்மையில், பழனி வட்டாரத்துக் கலையம்புத்தூரில் 1856-இல் உரோம நாட்டுப் பொற்காசுகள் கிடைத்ததாகப் பழைய பதிவு உண்டு. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. திருவானைக்காவல் கோவிலில் 2020 பிப்ரவரியில் மண்ணைத் தோண்டியபோது 505 பொற்காசுகள் வெளிவந்தன. எடை 1 கிலோ 716 கிராம். ஆனால் அவை எங்கே போயின? திருவானைக்காவல் காசுகள் அரசுக் கருவூலத்துக்குப் போயின. டீக்கடை பெஞ்சுக்கு வரவில்லை!

“அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும்” என்கிறானே, அதையும் உரைத்துப் பார்ப்போம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவன் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். உரியவர் யாரும் இல்லையென்று விசாரணையில் முடிவானால், கண்டெடுத்தவனுக்கு அதில் உரிமை உண்டு. நிலத்துக்காரன் உரிமை கோரி, இருவருக்குள்ளும் வேறு உடன்பாடு இல்லையென்றால், கண்டெடுத்தவனுக்கு நாலில் மூன்று பங்கு; நிலத்துக்காரனுக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொள்வதானாலும், உலோக மதிப்பும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தே எடுக்கவேண்டும். மறைத்தாலோ, ஓராண்டு வரை சிறை!

இப்போது சிந்தியுங்கள். நேர்வழியில் போனால் பங்கு கிடைக்கும், ஒளித்தால் சிறை. அப்படியிருக்க, உண்மையிலேயே புதையல் கண்டவன் முன்பின் தெரியாத உங்களைத் தேடிவந்து பாதி விலைக்கு ஏன் விற்கவேண்டும்? உங்கள் முகராசிக்காகவா?

இனி, சோதனை. ‘சவரன்’ என்று நாம் வாயார வழங்கும் சொல்லே ஓர் ஆங்கிலப் பொற்காசின் பெயர். 22 காரட் தங்கம். எடை ஏறத்தாழ 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டர். 1918-இல் பம்பாயிலேகூட அது அச்சிடப்பட்டது. அதே அளவில், அதே கனத்தில் பித்தளையால் ஒரு காசு செய்தால் 4 கிராம்கூடத் தேறாது. ஈயத்தில் செய்தாலும் 5 கிராமைச் சற்றே தாண்டும். எடையைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் காசு பருத்துத்தான் தீரவேண்டும். ஆகவே தராசும் அளவுகோலும் சேர்ந்து பேசினால் பெரும்பாலான போலிகள் அங்கேயே பல்லிளிக்கும். தங்கத்துக்கு ஒத்த அடர்த்தியுள்ள டங்ஸ்டன் என்ற உலோகத்துக்கு முலாம் பூசினால் தராசும் ஏமாறும். அதற்குத்தான் நகைக் கடையின் சோதனைக் கருவி இருக்கிறது. தரமுத்திரை மையம் இருக்கிறது. மேலே உரசிப் பார்த்தால் மேல்தோல்தான் தெரியும், உள்ளிருப்பது தெரியாது.

எனவே அறிமுகமில்லாதவரிடம் நேரில் காசு வாங்க நேர்ந்தால், இவற்றை மனத்தில் பதியுங்கள்.

அவன் எடுத்துக் கொடுக்கும் காசைச் சோதிப்பது சோதனையே அல்ல. எடுப்பவர் நீங்களாக இருக்கவேண்டும். இரண்டைச் சோதித்து இருநூறை வாங்காதீர்கள். ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். சோதித்த பை கண்ணைவிட்டு அகலக்கூடாது. ஒரு நொடி மேல்துண்டுக்குள் போய்வந்தால் அது வேறு பை!

இடத்தை நீங்கள் சொல்லுங்கள்: பட்டப்பகல், நகைக் கடை அல்லது வங்கி. அங்கே வர மறுக்கிறவனிடம் வாங்க எதுவுமில்லை. தனியாகப் போகாதீர்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். “யாரிடமும் சொல்லாதே” என்பவன் உங்கள் நன்மையைக் காக்கவில்லை. தன் தப்பும் வழியைக் காக்கிறான். ரொக்கத்தைச் சுமக்காதீர்கள், சோதனை முடிந்தபின் வங்கி வழியே கொடுங்கள். ஒரே கொடுக்கல் வாங்கலில் 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2017 ஏப்ரல் முதல் சட்டம் தடுக்கிறது. விற்பவன் பெயர், முகவரி, அடையாள அட்டை, கையெழுத்திட்ட ரசீது ஆகியவை இல்லாமல் வாங்காதீர்கள். காசு களவுப் பொருளாக இருந்து, அதை நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால், நாளை குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நீங்கள்.

கத்தியைக் காட்டினால் வீரம் பேசாதீர்கள். பணம் போகட்டும், உயிர் வேண்டும். உடனே 112-ஐ அழையுங்கள்.

இன்னொரு வலை செல்போன் வழியே வருகிறது. “உங்களிடமுள்ள பழைய 5 ரூபாய்க் காசுக்குப் பல இலட்சம் தருகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள்” என்று ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே எழுதுகிறார்கள். தனக்கும் இந்த வியாபாரத்துக்கும் தொடர்பில்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்துவிட்டது. அப்படிப் பணம் அனுப்பிவிட்டால் தாமதியாமல் 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

ஏமாந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு வாய்மூடி இருப்பதே மோசடிக்காரனின் முதலீடு. “புதையல் வாங்கப் போனேன் என்று எப்படிப் புகார் சொல்வது?” என்று நீங்கள் தயங்கும் ஒவ்வொரு நாளும் அவன் அடுத்த ஊரில் அடுத்த வீட்டைப் பார்க்கிறான். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில், ஏமாற்றிப் பணம் பறிப்பவனுக்கு 318-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. புகார் இருந்தால்தானே தண்டனை?

கேலி செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. “பேராசை பெருநஷ்டம்” என்று பழமொழி சொல்லிப் போவது எளிது. பெண்ணின் திருமணத்துக்கு இத்தனை சவரன் என்று கழுத்தை நெரிக்கும் சமுதாயம் இது. தளர்ந்த காலத்தில் தாங்குவதற்கு ஓய்வூதியம் இல்லாத கூலிக்காரனுக்குக் குன்றிமணித் தங்கமே காப்புறுதி. பல மாதக் கூலியை ஒரு சவரன் விழுங்கும் காலத்தில், “பாதி விலை” என்ற சொல் அவன் காதில் ஆசையாக விழுவதில்லை, ஆறுதலாக விழுகிறது. அந்த ஏக்கத்தைக் குறிபார்த்து அடிக்கிறவனே கயவன். அடிபட்டவனைச் சிரிக்காதீர்கள்!

ஆகவே கிளைத் தோழர்களே, படிப்பகத்துக் கரும்பலகையில் இந்த வாரம் இதை எழுதுங்கள். சந்தையிலும், மில் வாசலிலும், ஆட்டோ நிறுத்தத்திலும் சொல்லுங்கள். காசு வாங்கப் போகிறேன் என்று எவரேனும் காதோடு காதாகச் சொன்னால், “போகாதே” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். “நானும் வருகிறேன், நகைக் கடைக்குப் போவோம்” என்று கூடப் புறப்படுங்கள். தனியாக வருபவனைத்தான் அவன் தேடுகிறான். இருவராக, மூவராக, பட்டப்பகலில், தராசோடு போனால் அவன் வரவே மாட்டான்.