பச்சை மரத்தின் மேல் ஒரு புகார் மனு

வீட்டு வாசலில் பெரிய மரம் ஒன்று இருந்தால் அந்த வீட்டில் எப்போதும் இரண்டு கட்சிகள் உண்டு. பாட்டியம்மாள் மரத்தின் கட்சி. நிழலுக்காகவும் காற்றுக்காகவும் வாதாடுவாள். கூரையைப் பழுது பார்க்கப் பணம் கொடுக்கிறவர் எதிர்க்கட்சி. காற்றும் மழையும் சுழற்றி அடிக்கிற இரவில் மாத்திரம் இரு கட்சியாரும் சமரசமாகி, ஒரே கூடத்தில் கண் விழித்து உட்கார்ந்திருப்பார்கள். பொழுது விடிந்ததும், “முனிசிபாலிடிக்கு எழுதிப் போட வேண்டியதுதான்” என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும்.

எழுதிப் போட்ட பிறகு என்ன நடக்கிறது? இதைத்தான் இங்கே கொஞ்சம் கவனிக்க விரும்புகிறோம். உதாரணத்துக்குப் பம்பாய் நகரத்தை எடுத்துக்கொள்வோம். (1995-ஆம் வருஷத்திலேயே அதன் பெயர் மும்பை என்று ஆகிவிட்டது. ஆனாலும் பழைய பெயர்தான் நம் நாவில் வருகிறது, நேயர்கள் மன்னிப்பார்களாக.) கட்டடங்களும் ஜனங்களும் நெருக்கியடிக்கும் அந்த ஊரில் 2018-ல் வெளிவந்த கணக்கின்படி ஏறக்குறைய 29 லக்ஷத்து 75 ஆயிரம் மரங்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை தனியார் வளாகங்களில் நின்றவை. ஆகவே, மரத்தைப் பற்றிய கவலை அங்கே பெரும்பாலும் குடும்பஸ்தர்களின் கவலைதான்.

மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களைக் காப்பாற்றுவதற்கென்று 1975-ல் ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி மரங்களுக்காகத் தனியாக ஓர் அதிகார சபையும் ஒரு மர அதிகாரியும் உண்டு. நம் நிலம், நம் பாட்டனார் நட்ட மரம் என்று சொல்லிக்கொண்டு கோடாலியைத் தூக்க முடியாது. விண்ணப்பம் எழுதி அனுமதி பெற வேண்டும். வெட்டப் போகும் செய்தியைப் பத்திரிகையில் விளம்பரப்படுத்துவதும், அந்த மரத்தின் மேலேயே நோட்டீஸ் ஒட்டுவதும் சட்டம் வகுத்த முறை. ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம். தன் மரண அறிவிப்பைத் தானே சுமந்து நிற்கும் பாக்கியம் மனிதர்களில் யாருக்கும் கிடைப்பதில்லை!

இது நல்ல சட்டம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. மரத்தைக் காப்பாற்றுகிற அதே சட்டம் மனிதனையும் மறந்துவிடவில்லை. செத்துப்போன மரம், நோய் கண்ட மரம், உயிருக்கோ உடைமைக்கோ அபாயமான மரம், இவற்றுக்கு அனுமதி மறுக்கக் கூடாது என்று சொல்கிறது. ஆனால் அந்த இடத்தில் சின்னச் சொற்றொடர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மரம் அபாயமானது என்று மர அதிகாரியின் அபிப்பிராயத்தில் தோன்ற வேண்டும். விஷயம் முழுவதும் அந்த அபிப்பிராயத்தின் மேல்தான் நிற்கிறது.

2017-ஆம் வருஷம் ஜூலை மாதம், பம்பாயின் செம்பூர்ப் பகுதியில் ஒரு பெண்மணி காலையில் உலாவப் புறப்பட்டார். தெரு ஓரமாக நடந்து கொண்டிருந்தபோது, அருகிலிருந்த வளாகத்தின் தென்னை மரம் திடீரென்று அவர்மேல் விழுந்தது. மோசமான காயங்களுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், பிழைக்கவில்லை. தெருவில் வைத்திருந்த காமிரா அந்தக் காட்சியைப் பதிவு செய்திருந்தது. தேசம் முழுவதும் அதைப் பார்த்துப் பதறியது.

ஆனால் காமிராவில் பதிவாகாத சங்கதி ஒன்று இருந்தது. அந்தத் தென்னையை வெட்டுவதற்கு அனுமதி வேண்டுமென்று முன்னமேயே கார்ப்பொரேஷனுக்கு விண்ணப்பம் போயிருந்தது. தோட்ட இலாகாவினர் வந்தார்கள், பார்த்தார்கள். மரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அபிப்பிராயப்பட்டு அனுமதி மறுத்துவிட்டார்கள்.

பார்த்தவர்கள் வேண்டுமென்றே தவறு செய்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. மரத்தைக் கண்ணால் பார்த்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதுதான் கேள்வி. தென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலுக்கும் வேம்புக்கும் காயம் பட்டால் சுற்றிலும் புதுப்பட்டை வளர்ந்து மூடும். தென்னைக்கு அந்தச் சக்தி கிடையாது. பட்ட காயம் பட்டபடியே இருக்கும். சிவப்புக் கூன்வண்டு புகுந்து உள்ளே குடைந்து கொண்டிருக்கும்போது, மேலே மட்டை பச்சையாகவும் குலை நிறைவாகவும் சில காலம் தோன்றக்கூடும். ஆணி வேரும் அதற்கு இல்லை. சல்லி வேர்களின் கூட்டமே அதைத் தாங்கி நிற்கிறது. அந்த வேர்களின் மேல் சிமெண்டைக் கொட்டி மூடினாலும், குழாய்க்கும் கம்பிக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்கத்தை அறுத்துவிட்டாலும், அண்ணாந்து பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? வைத்தியர் நாடியைத் தொடாமல் முகத்தை மட்டும் பார்த்து, “ரொம்ப சௌக்கியமாக இருக்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரிதான்.

ஆனால் அதிகாரியின் சங்கடத்தையும் யோசிக்க வேண்டும். வருகிற விண்ணப்பங்கள் எல்லாம் பயத்தினால் எழுதப்பட்டவை அல்ல. வாசலில் சருகு விழுகிறது, மோட்டார் நிறுத்த இடமில்லை, கடையின் பெயர்ப் பலகை மறைகிறது என்ற காரணங்களும் ‘உயிருக்கு அபாயம்’ என்ற வேஷத்தில்தான் வந்து நிற்கும். இதை நம் பக்கத்துக் குற்றமாகவே ஒப்புக்கொள்கிறோம். கேட்டவர்களுக்கெல்லாம் சம்மதித்தால் ஊரில் ஒரு மரம் மிஞ்சாது.

இப்படித் தனி மனிதனின் ஒரு தென்னைக்கு அஞ்சி அஞ்சி அளந்து பார்க்கிற அதே அதிகார சபை, பெரிய திட்டங்கள் வரும்போது எப்படி நடந்துகொள்கிறது? ஆரே காலனி விவகாரம் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். மெட்ரோ ரயில் வண்டிகளை நிறுத்தும் கொட்டகைக்காக 2,185 மரங்களை வெட்டவும், 461 மரங்களைப் பெயர்த்து வேறிடத்தில் நடவும் 2019 ஆகஸ்டில் அது அனுமதி அளித்தது. அக்டோபர் 4-ந் தேதி ஹைகோர்ட்டில் ஆட்சேப மனுக்கள் தள்ளுபடியாயின. அன்றிரவே ரம்பம் வேலை செய்யத் தொடங்கியது. 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு நிறுத்துவதற்குள் 2,141 மரங்கள் சாய்ந்துவிட்டன. ரயில் வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? இருந்தாலும், ஆயிரக்கணக்கில் வெட்ட மனம் வருகிற இடத்தில் ஒற்றை மரத்தை இரண்டாந்தரம் தட்டிப் பார்க்க ஆள் இல்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

நமக்குத் தோன்றுவது இதுதான். ‘வெட்டலாம்’ என்று சொல்கிறவருக்குப் பத்திரிகை விளம்பரம், ஆட்சேபம், ஈடாக மரம் நடுவது என்று எத்தனையோ பொறுப்புகள் இருக்கின்றன. ‘வெட்டக் கூடாது’ என்கிறவருக்கும் அப்படிப் பொறுப்பு இருக்க வேண்டாமா? மரத்தை வைத்துக்கொள்ளச் சொன்னால், அதை வைத்துக் காப்பாற்றுகிற வேலையில் கார்ப்பொரேஷனுக்கும் பங்கு உண்டு. எதை எதைப் பார்த்தோம், ஏன் மறுக்கிறோம், மறுபடி எந்த மாதம் வந்து பார்ப்போம் என்று எழுத்தில் கொடுக்கட்டும். வெட்டுவதற்கும் சும்மா விடுவதற்கும் நடுவே கிளை கழித்துப் பாரத்தைக் குறைப்பது என்ற வழி பல மரங்களுக்கு உண்டு. பம்பாயில் மழைக்காலத்துக்கு முன் வளாகங்களுக்கு நோட்டீஸ் அனுப்பிக் கிளை கழிக்கச் சொல்லுகிறார்கள். ஆனால் அதற்கும் அனுமதி கேட்க வேண்டும்; செலவும் வளாகத்தாருடையதே. தென்னைக்கோ கழிக்கக் கிளையே கிடையாது. அதற்குத் திரும்பத் திரும்பச் சோதனை செய்வது ஒன்றுதான் வழி.

டில்லியில் 1994-ல் செய்த சட்டம் ஒரு விஷயத்தில் தாராளமானது. உடனே வெட்டாவிட்டால் உயிருக்கோ உடைமைக்கோ போக்குவரத்துக்கோ பெரும் அபாயம் என்றால், நிலத்துக்குச் சொந்தக்காரர் வெட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் மர அதிகாரிக்குத் தெரிவித்தால் போதும். அதே டில்லியில்தான், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்து எடுக்க வேண்டுமென்று 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வேருக்கு மூச்சு விட இடம் கொடுத்தால், விண்ணப்பம் எழுதுகிற அவசியமே சில மரங்களுக்கு வராமல் போகலாம்.

எழுதத்தான் வேண்டியிருக்கிறது என்றால், ‘மரம் பயமாயிருக்கிறது’ என்று மொட்டையாக எழுதுவதில் பிரயோஜனமில்லை. மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சாய்வு பழையதா, புதியதா. அடியில் மண் வெடித்திருக்கிறதா. தண்டில் காளான் பூத்திருக்கிறதா, பொந்து இருக்கிறதா. சமீபத்தில் பக்கத்தில் பள்ளம் தோண்டினார்களா என்றெல்லாம் பார்த்து எழுத வேண்டும். தேதியிட்டு நகல் ஒன்று எடுத்துக்கொண்டு, பதிலை எழுத்தில் கேட்க வேண்டும். வந்த பதிலை, அந்த மரம் நிற்கும் வரையில், பெட்டியில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.