உப்பு தங்காத பிள்ளைகள்

பிறந்து இரண்டு வாரமான பிள்ளை பாலைக் கக்கிக்கொண்டே இருக்கிறது, உச்சிக்குழி உள்வாங்குகிறது என்றால், எங்கள் ஊரான பேகம்பூரின் பெரியவர்கள் சொல்வது "தொக்கம் எடு", இல்லையென்றால் "உரம் விழுந்திருக்கும்". பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கக்கல் தானாகவே நின்றுவிடும். பேர் தொக்கம் எடுத்தவருக்குப் போய்விடும். எடை இறங்கிக்கொண்டே போகிற பிள்ளைக்கோ, இப்படிக் கழிகிற இரண்டு நாள் உயிருக்கே ஆபத்து.

ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறியிருந்தால், மருத்துவரின் முதல் சந்தேகம் அட்ரினல் சுரப்பி மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தது. பிறவி அட்ரினல் கோளாறு மொத்தத்தில் 5,762 பேரில் ஒருவருக்கு. சென்னையில் மட்டும் 2,036 பேரில் ஒருவருக்கு. சொந்தத்தில் பெண் எடுக்கிற நம் வழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தக் கணக்கைப் படிக்க என்னால் முடியவில்லை.

அந்தக் கோளாறு என்றால் ஹார்மோன் மருந்து கொடுத்ததும் பிள்ளை தேறும். சில பிள்ளைகள் தேறுவதில்லை. அவர்களுக்குச் சுரப்பியில் குறையில்லை. உடம்பில் உப்பைத் தங்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் ஏராளமாகச் சுரக்கிறது, உடல்தான் அதன் பேச்சைக் கேட்பதில்லை. சூடோஹைப்போஆல்டோஸ்டிரோனிசம் என்கிற இந்த அரிய நோயை 1958-இல் சீக், பெர்ரி என்ற இருவர் பதிவுசெய்தார்கள். இதன் கடுமையான வகையில், சோடியத்தை உள்ளே இழுக்கும் வழியே பழுது. சிறுநீரகத்தோடு வியர்வை, எச்சில், நுரையீரல் எல்லாம் பாதிக்கும். கன்னத்தில் முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும். பெற்றோர் இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

தோல் பதனிட மூட்டை மூட்டையாக உப்பு இறங்கிய ஊர் பேகம்பூர். உப்பு என்றாலே இங்கே கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீர்தான் பேச்சு. இந்தப் பிள்ளைகளுக்கோ, ஒவ்வொரு வேளைப் பாலோடும் உப்பை அளந்து கொடுத்தாக வேண்டும். பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்தும் கூடவே.

இப்படிப்பட்ட சில கைக்குழந்தைகளுக்குப் பித்தப்பையில் கல் இருந்ததையும் மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். நாற்பது வயதுக்காரர்களின் வியாதி என்று நாம் நினைப்பது தொட்டில் பிள்ளைக்கு! பித்தப்பைச் சுவரிலும் அதே சோடியம் வழி உண்டு. அதோடு உடம்பில் நீர் வற்றுவது, நாள்கணக்கில் ரத்தக்குழாய் வழியாக ஊட்டம் ஏற்றுவது எல்லாம் சேர்ந்து பித்தம் கல்லாக இறுகலாம் என்பது ஊகம். கண்டுபிடிக்க வயிற்று ஸ்கேன் போதும். தொந்தரவு தராத கல்லை உடனே அறுக்க வேண்டியதில்லை. கைக்குழந்தைகளுக்குச் சில கற்கள் தானாகக் கரைவதும் உண்டு. ஆனால் கண் மஞ்சளாகி, மலம் சுண்ணாம்பு நிறத்தில் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.