வாளையின் பல்லுக்கு ஈடு கொடுக்கும் நரம்பு எது?

பெஹாலா 1984-ல் கொல்கத்தா மாநகராட்சியுடன் இணைந்தது. 2022 டிசம்பரில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. வீடுகள் நெருங்கிய பின்னும் குளங்கள் பல மிஞ்சியிருக்கின்றன. பணம் கட்டிச் சீட்டு வாங்கித் தூண்டில் போடுவது கொல்கத்தா வட்டாரத்தின் பழைய பழக்கம்.

கரையில் உட்காருவோர் பெரும்பாலும் நாடுவது ரோகு, கட்லா. இவற்றுக்கு வாயில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. ஆகவே சாதாரணத் தங்கூசி நரம்பே போதும். வங்காளிகள் 'போவால்' என்னும் வாளை கவ்வினால்தான் வம்பு.

அரம் போன்ற வாய்

வாளையின் அகன்ற வாயில் உள்நோக்கிச் சாய்ந்த சிறு பற்கள் கூட்டமாக இருக்கின்றன. அவை ஒரே வெட்டில் அறுப்பதில்லை, அரம்போல் ராவுகின்றன. கரைவரை தாங்கிய நரம்பு கடைசித் துள்ளலில் பட்டென்று போகும். மீனும் முள்ளோடு போய்த் துன்பப்படும்.

முன்னாளில் வங்காளத்தில் முகாப் பட்டு நூல் கட்டினார்கள். அமெரிக்காவில் 1939-ல் நைலான் தூண்டில் நரம்பு விற்பனைக்கு வந்தது. பிறகு உலகெங்கும் அதுவே பரவியது.

எதைக் கட்டுவது?

முழுவதும் கம்பி வேண்டாம். முள்ளுக்கு முன்னால் ஒன்று அல்லது ஒன்றரைச் சாண் நீளம் போதும். இந்த முன்துண்டைத்தான் 'லீடர்' என்கிறார்கள். வாளைக்குப் பல இழை முறுக்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஏற்றது. 10 முதல் 15 கிலோ தாங்கினால் நல்லது. ஒற்றைக் கம்பி மடங்கிய இடத்தில் முறியும். கம்பியைச் சாதாரண முடிச்சுப் போடாமல், சிறு உலோகக் குழலில் நுழைத்து நசுக்க வேண்டும். நரம்போடு சேருமிடத்தில் சுழல் வளையம் வைத்தால் முறுக்கு ஏறாது.

விராலுக்குப் பல் குறைவு. 0.50 அல்லது 0.60 மில்லிமீட்டர் தடித்த நைலானே பெரும்பாலும் சமாளிக்கும். பின்னல் நூல் இழுவைக்குப் பலம். பல்லில் உரசினால் எளிதில் பிரியும். அதிலும் முன்துண்டு அவசியம்.

ரோகுவுக்குக் கம்பி ஆகாது. விறைப்பை உணர்ந்ததும் இரையைத் துப்பிவிடும்.

விரல்தான் சோதனை

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நரம்பின் கடைசி இரண்டடியை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பு தட்டினால் தயங்காமல் நறுக்கிவிட்டுப் புதிதாக முடிய வேண்டும். நைலான் முடிச்சை ஈரப்படுத்தி இறுக்குவது நலம்.

நறுக்கிய துண்டுகளைக் கரையில் போட்டால் கொக்கின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றும். வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வாளையோ இன்று உலக அளவில் அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அறுந்த நரம்போடு அது வீணாய்ச் சாகாமலிருக்க ஒரு சாண் கம்பி உதவும்.