உஷார்! வேடிக்கை பார்க்கும் பிள்ளையை யார் பார்ப்பது?

ஆட்டம் பார்க்கப் பிள்ளையைக் கூட்டிப் போகிறீர்களா? நில்லுங்கள். உள்ளே நிற்கும் ஆட்டக்காரனுக்குப் பந்து எந்தப் பக்கம் வரும் என்று ஓரளவு தெரியும். ஓரத்தில் ஐஸ் சப்பிக்கொண்டு நிற்கும் ஆறு வயதுக்கு அது எப்படித் தெரியும்?

போடிக்காரர்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் அந்நிய தேசமில்லை. ஏலமலை ஏறி, இடுக்கியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்தின் கோட்டயம் மாவட்டம். அங்கே பாலா நகராட்சி ஸ்டேடியத்தில் 2019 அக்டோபர் 4-ஆம் தேதி மாநில ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. ஈட்டி எறியும் இடத்தில் உதவிக்கு நின்றவன் 16 வயது பிளஸ் ஒன் மாணவன். அதே நேரத்தில், அதை ஒட்டியே, சங்கிலிக் குண்டு எறிதலும் நடந்துகொண்டிருந்தது. 3 கிலோ குண்டு அவன் தலையில் வந்து விழுந்தது. அக்டோபர் 21-ஆம் தேதி கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் உயிர் போய்விட்டது. அவன் போட்டியாளன்கூட இல்லை. கண் ஈட்டியில் இருந்தது, சாவு வேறு திசையிலிருந்து வந்தது.

நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைப் பாருங்கள். ஒரே பொட்டலில் மூன்று கிரிக்கெட், மூலையில் ஒரு வாலிபால், நடுவில் சைக்கிள் பழகும் பொடிசுகள். இந்த ஆட்டத்தின் எல்லைக்கோட்டில் நிற்பவர் அடுத்த ஆட்டத்தின் பிட்ச்சுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். மும்பை மாட்டுங்காவில் 2024 ஜனவரியில் இப்படித்தான் பக்கத்து ஆட்டத்தில் அடித்த பந்து தலையில் பட்டு 52 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். பல காலம் ஆடிப் பழகிய மனிதருக்கே அந்த கதி.

தோல் பந்தின் எடை சுமார் 160 கிராம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 25 மீட்டரைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. “டேய் பந்து!” என்று நீங்கள் கத்தி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். அடி தலையில் பட்டால்தான் ஆபத்து என்றும் இல்லை. பிள்ளைகளின் நெஞ்சுக்கூடு இளசு. நெஞ்சில் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட கணத்தில் படும் பந்து இதயத்துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். அமெரிக்காவில் 2002 மார்ச்சில் ஐஸ் ஹாக்கி பார்க்க வந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி, கூட்டத்துக்குள் பறந்த வட்டு பட்டு இறந்தாள். அதற்குப் பிறகுதான் அங்கே கோலுக்குப் பின்னால் வலை கட்டுவதைக் கட்டாயமாக்கினார்கள். நம் பொட்டலில் வலையும் கிடையாது, வேலியும் கிடையாது. எனவே பிள்ளையை உட்காரவைக்கும் இடத்தை நீங்கள்தான் பார்த்து எடுக்க வேண்டும். பந்தடிப்பவருக்கு நேர் முன்னாலோ பக்கவாட்டிலோ கோட்டை ஒட்டி உட்காரவைக்காதீர்கள். கனமான சுவரோ மரமோ பந்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கட்டும். பந்து பொறுக்கிப் போடச் சொல்லி சின்னப் பிள்ளைகளைக் கோட்டில் நிறுத்திவைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பெருமையாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் அதை முதலில் ஒழிக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி நம் பக்கத்துக்கே உரியது. ஏலக்காய் எடுப்புக் காலத்தில் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி அம்மாக்கள் மலைக்குப் போய்விடுகிறார்கள். பள்ளி லீவு என்றால் நாலு வயதுத் தம்பி பத்து வயது அக்காவின் இடுப்பில். அக்காவும் பிள்ளைதானே? கபடியில் ரெய்டு சூடுபிடித்தால் அவள் கண்ணும் அங்கேதான் போகும். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. போட்டி நடத்தும் குழுவில் கோப்பைக்கு ஆள், மைக்குக்கு ஆள், பந்தலுக்கு ஆள் என்று இருக்கும்போது, ஆட்டத்தைப் பார்க்காமல் பொடிசுகளை மட்டும் பார்க்க இரண்டு பெரியவர்களை நிறுத்தினால் என்ன?

தை, மாசி பிறந்தால் மாடு. பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி ஜல்லிக்கட்டுக்கு நம் ஊரிலிருந்து வேன் பிடித்துப் போகிறவர்கள் உண்டு. இரட்டைத் தடுப்பு, பொதுப்பணித் துறை சான்று பெற்ற கேலரி என்றெல்லாம் விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் மாடு வாடிவாசலிலிருந்து பாய்ந்து, களத்தைத் தாண்டி, வெளியே போகிறதே, அந்த இடத்தை யோசியுங்கள். கயிற்றோடு உரிமையாளர் பின்னால் ஓட, மிரண்ட காளை கூட்டத்துக்குள் புகும் இடம் அது. 2023 ஜனவரியில் தர்மபுரி தடங்கத்தில் வேடிக்கை பார்க்க வந்த 14 வயதுப் பையனை மாடு குத்திக் கொன்றது. அடுத்த ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி சிவகங்கை மாவட்டம் சிராவயல் மஞ்சுவிரட்டில் ஒரு சிறுவன் உட்பட இருவர் இறந்தார்கள். கேலரியில் இடம் கிடைக்கவில்லையா? பிள்ளையோடு வீடு திரும்புங்கள். மாடு வெளியேறும் பாதையில் தோளில் தூக்கிவைத்து நிற்காதீர்கள். முட்டினால் இரண்டு பேரும் சேர்ந்தே விழுவீர்கள்.

இரட்டை மாட்டு வண்டிப் பந்தயம் இன்னும் மோசம், ஏனென்றால் மைதானமே ரோடுதான். தேன்சிட்டு, தட்டான்சிட்டு, புள்ளிமான், கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று ஒவ்வொரு பிரிவாக வண்டிகள் போய்த் திரும்பும். வண்டி கடந்ததும் “முடிஞ்சுது” என்று கூட்டம் ரோட்டில் இறங்குகிறது. பின்னாலேயே ஆரனை அலறவிட்டபடி பைக்குகள். அப்புறம் அதே வண்டிகள் எதிரிலிருந்து திரும்பி வருகின்றன. கடைசி வண்டி திரும்பும் வரை பிள்ளையின் கால் தார் ரோட்டில் படக்கூடாது.

கேலரி கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடாதீர்கள். 2021 மார்ச்சில் தெலங்கானா சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டியின் கேலரி சரிந்து நூறு பேருக்கு மேல் காயம். சவுக்குக் கம்பும் கயிறும் அளவுக்கு மீறிய கூட்டமுமாக இருந்தால் ஏறவே ஏறாதீர்கள். கேலரிக்கு அடியில் நிழல் தேடிப் போகும் பொடிசுகளையும் வெளியே இழுத்து வாருங்கள்.

மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டுகளில் நடக்கும் ஆட்டங்களுக்கு வேறு கணக்கு. சரிவை வெட்டிச் சமமாக்கிய இடம். ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் நேரே ஏலக்காட்டுக்குள் இறங்கும் பள்ளம். பந்து உருண்டால் பிள்ளையும் பின்னாலேயே உருளும். மேட்டில், சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்திய ஜீப்புகள் வேறு. அந்தக் கல்லை எடுத்து விளையாடாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஜீப்பை மைதானத்துக்கு மேல்பக்கம் நிறுத்தவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் அடி பட்டுவிட்டால், சோடா தெளித்து உட்காரவைத்து “ஒண்ணுமில்லடா” என்று மறுபடி வேடிக்கை பார்க்க விடாதீர்கள். தலையில் பட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ, தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் தேனியையும் தாண்டி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போயாக வேண்டும். மேலே எஸ்டேட்டில் இருந்தால் அதற்கு முன்னால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆகவே ஆட்டம் தொடங்குமுன்பே ஒரு ஜீப்பையும் டிரைவரையும் தனியே ஒதுக்கி, முகப்பைக் கீழ்நோக்கித் திருப்பி நிறுத்திவையுங்கள். மேலே மாநில எல்லை பக்கத்திலேயே இருப்பதால், 108-ஐ அழைத்தால் எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இறங்கி வருவதானால், ஆம்புலன்ஸை மலையடிவாரத்து முந்தலில் வந்து நிற்கச் சொல்லுங்கள்.