பச்சை விளக்கு எரிகிறது, தகவல் போய்ச் சேரவில்லை

ராயபுரம், காசிமேடு பக்கம் இருப்பவர்களுக்கு ஜீரோ கேட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரிகள் சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையும் வாசல் அது. எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் லாரிகளின் பெட்டிகளை அடுத்த முறை உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 4 ஆங்கில எழுத்துகளும் 7 இலக்கங்களும் இருக்கும். கடைசி இலக்கம், முன்னால் உள்ள எழுத்துகள், இலக்கங்கள் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் வருவது. யாராவது எண்ணைத் தப்பாக அடித்தால், பெரும்பாலும் அந்த ஒற்றை இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு, எந்த அடுக்கில் இருக்கிறது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர்தான் நினைவில் வைத்திருக்கிறது. 2017 ஜூன் கடைசியில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை ‘நாட்பெட்யா’ என்ற தீநிரல் தாக்கியது. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்த நிறுவனம் நடத்திய முனையம் முடங்கிப்போனது. கம்ப்யூட்டர் நின்றால் துறைமுகமே நின்றுவிடும் என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது.

தீநிரல் இல்லாமலும், ஒரு கருவி பழுதானாலே கம்ப்யூட்டர் வேலை நின்றுவிடலாம். அதற்குப் பயந்துதான் பெரிய கம்ப்யூட்டர் அறைகளில் முக்கியமான எதையும் இரண்டாக வைக்கிறார்கள். தகவலைச் சேமித்துத் தருவது சர்வர். அதை உரிய இடத்துக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி ஸ்விட்ச். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு கேபிள்கள், ஆளுக்கொன்றாக இரண்டு ஸ்விட்சுகளுக்குப் போகும். ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் வெளியுலகை நோக்கி மேலே போகிற கேபிளுக்கு ‘அப்லிங்க்’ என்று பெயர்.

ஒரு ஸ்விட்ச் அடியோடு செத்துப்போனால் பெரிய கவலையில்லை. அதன் விளக்கு அணைந்ததும் சர்வர் அடுத்த கேபிளுக்கு மாறிவிடும். ஆபத்து எங்கே தெரியுமா? ஸ்விட்ச் நன்றாக இருந்து, அதன் அப்லிங்க் மட்டும் அறுந்தால்! எலி கடித்திருக்கலாம்; ஒளியிழையின் நுனியில் தூசி படிந்திருக்கலாம். சர்வருக்கோ அது தெரியாது. தன் பக்கத்துக் கேபிளில் பச்சை விளக்கு எரிகிறதல்லவா? ‘எல்லாம் சரி’ என்று நம்பித் தகவலை அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே போக வழியில்லாத ஸ்விட்ச் அதையெல்லாம் கொட்டிவிடும்.

உங்கள் வீட்டிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். வைஃபை கோடுகள் முழுசாக இருக்கும், வீடியோ வராது. போனுக்கும் வீட்டு ரூட்டருக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டும்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. ரூட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தது. தங்கள் கடலடிக் கேபிள் ஒன்று சேதமாகிவிட்டது, இணையம் மெதுவாக இருக்கலாம் என்று ஏர்டெல் அப்போது அறிவித்தது. வீட்டு ரூட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடலுக்கடியில் உள்ள பழுதை அது சரிசெய்ய முடியாதே!

இரட்டை ஸ்விட்சில் இந்தப் பழுது இன்னும் குழப்பும். சர்வர் தகவல்களை இரண்டு கேபிள்களிலும் பங்கிட்டு அனுப்புவதால், ஏறக்குறைய பாதிதான் தொலையும். ஒரு மேசையில் வேலை நடக்கும், பக்கத்து மேசையில் நடக்காது. முழுசாக நின்றுபோவதைவிட இப்படிப் பாதி நிற்பதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டு ஸ்விட்சுகளுக்கும் நடுவே தடிமனான கேபிள் ஒன்றைப் போட்டுவைத்தால், வழியிழந்த ஸ்விட்ச் தன்னிடம் வந்ததைப் பக்கத்து ஸ்விட்சுக்குத் தள்ளிவிடும். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: அப்லிங்க் போனதுமே அந்த ஸ்விட்ச், சர்வர்கள் பக்கம் உள்ள தன் கதவுகளையும் தானே மூடிக்கொள்ளும். விளக்கு அணையும், சர்வர் கண நேரத்தில் மறு கேபிளுக்குப் போய்விடும்.

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு அப்லிங்க்குகளும் ஒரே நேரத்தில் அறுந்தால்? இரண்டு ஸ்விட்சுகளுமே கதவை மூடிவிடும். வெளித்தொடர்பு இல்லாவிட்டாலும் அறைக்குள் சர்வர்கள் தங்களுக்குள் பேசி வேலையைத் தொடர்ந்திருக்கலாம், அதுவும் போய்விடும். அதனால், கிரேனுக்கு உத்தரவு தரும் சர்வர் போல உள்ளூரிலேயே வேலை இருக்கும் இடங்களில் பொறியாளர்கள் நடுக் கேபிள் வழியையே விரும்புவார்கள். இரண்டு அப்லிங்க் கேபிள்களும் ஒரே பள்ளத்தில் போகாமலும் பார்த்துக்கொள்வார்கள். சாலை தோண்டும் இயந்திரம் ஒரே வீச்சில் இரண்டையும் அறுத்துவிடுமே!

அறுந்த கேபிளை ஒட்டிய பிறகும் அவசரப்படக் கூடாது. மூடிய கதவை உடனே திறந்தால், எந்த முகவரிக்கு எந்த வழி என்று ஸ்விட்ச் இன்னும் கற்றிருக்காது. வருகிற தகவல் மறுபடி தொலையும். ஆகவே சிறிது நேரம் காத்திருந்து திறக்கும்படி முன்பே சொல்லிவைக்கிறார்கள். அதுவரை முழுப் பாரமும் அடுத்த ஸ்விட்சின் மேல்தான். இரண்டையும் சாதாரண நாளில் பாதிக்கு மேல் நிரப்பாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.