கோப்பின் முதல் நான்கு பைட்டுகள்

வீட்டுப்பாடத்தைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொன்னால், சில மாணவர்கள் கைப்பேசியில் எடுத்த படத்தின் பெயர் முடிவை மட்டும் பிடிஎஃப் என்று மாற்றி அனுப்பிவிடுவார்கள். கோப்பு திறக்காது. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா, என்ன? உள்ளே இருப்பதை நேரில் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினால் போதும்.

எந்தக் கோப்பும் பைட்டுகளின் வரிசைதான். ஒரு பைட்டில் 8 பிட்டுகள். அதன் மதிப்பு 0 முதல் 255 வரை. அதை அப்படியே 0, 1 என்று எழுதிப் படித்தால் கண் பூத்துப்போகும். பதினறும எண்ணில் இரண்டே இலக்கங்கள். 4 பிட்டுகளுக்கு 16 மதிப்புகள் என்பதால் பைட்டின் ஒவ்வொரு பாதிக்கும் ஓர் இலக்கம். 0100 0110 என்றால் இடப்பாதி 4, வலப்பாதி 6, எழுதுவது 46. பத்து முதல் பதினைந்து வரைக்கு ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகள்.

நிரல் செய்ய வேண்டியது இதுதான்: ஒரு பைட்டைப் படித்து 16ஆல் வகுக்க வேண்டும். ஈவு முதல் இலக்கம், மீதி இரண்டாவது. கோப்பு முடியும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். பைத்தானில் இதற்கு ஆயத்தக் கட்டளை உண்டு. ஆனாலும் முதல் முறை நீங்களே வகுத்து எழுதுங்கள்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. மதிப்பு 5 என்றால் 05 என்று எழுத வேண்டும். பூச்சியத்தை விட்டுவிட்டு இடைவெளியின்றி எழுதினால் 1, 23 என்ற பைட்டுகளும் 12, 3 என்ற பைட்டுகளும் ஒரே 123 ஆகிவிடும்; பிறகு மூலக்கோப்பை மீட்க வழியில்லை. அடுத்து, கோப்பை உரையாகத் திறக்காமல் இருமக் கோப்பாகத் திறக்க வேண்டும். உரையாகத் திறந்தால் வரிமுடிவைக் குறிக்கும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகள் ஒன்றாகச் சுருங்கிவிடக்கூடும். பிஎன்ஜி படவகையை வடிவமைத்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்தவர்கள். அதன் முதல் 8 பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. வரிமுடிவு எந்தப் பக்கம் மாற்றப்பட்டாலும் தலைப்பகுதியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். கெட்டிக்காரர்கள்!

இடைவெளியோடு எழுதினால் வெளியீடு மூலக்கோப்பைப் போல் மூன்று மடங்காகும். ஆகவே முதல் 16 பைட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உண்மையான பிடிஎஃப் கோப்பு பொதுவாக 25 50 44 46 என்று தொடங்கும். 25 விழுக்காட்டுக் குறி. மற்ற மூன்றும் பி, டி, எஃப் என்ற எழுத்துகள். பெயர் மாற்றிய அந்தப் படமோ, ஜேபெக் வகையாக இருந்தால், எஃப்எஃப் டி8 என்று தொடங்கும். பெயர் முடிவை மறுபடியும் ஜேபிஜி ஆக்குங்கள், திறந்துவிடும்.