காபிச் சக்கையில் டீசல்: எங்கே லாபம், எங்கே வீண்?

டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு பில்டரில் தங்கும் சக்கையை யாரும் எண்ணெய் வித்தாக நினைப்பதில்லை. ஆனால் அதில் எண்ணெய் இருக்கிறது. வெந்நீர் நிறத்தையும் மணத்தையும் கசப்பையும் இறக்கிக்கொண்டு போகிறது. தண்ணீரில் கரையாத எண்ணெயின் பெரும்பகுதி சக்கையிலேயே நின்றுவிடுகிறது. 2008இல் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனோ மிஸ்ரா, சுசாந்த மோகபாத்ரா, நரசிம்மராவ் கொண்டமுடி ஆகியோர் அந்த எண்ணெயைப் பிரித்து பயோடீசலாக மாற்றிக் காட்டினார்கள். உலர்ந்த சக்கையின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை எண்ணெய் கிடைத்தது. காபியில் இயல்பாகவே உள்ள ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்களால் அந்த டீசல் ஒரு மாதத்துக்கும் மேல் கெடாமல் இருந்தது. ஆக, வேதியியல் தடையாக இல்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் காபி டீசல் பெட்ரோல் பங்குக்கு வராததற்குக் காரணம் ஈரமும் தூரமும்தான். இந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், இத்தொழில்நுட்பத்துக்கு உரிய இடம் இன்ஸ்டன்ட் காபி ஆலைதான், நகரத்துக் காபிக் கடை அல்ல என்பது விளங்கும்.

முதலில் ஈரம். ஒரு டன் ஈரச் சக்கையில் 600 கிலோ தண்ணீர், 400 கிலோ உலர்பொருள் என்று வைத்துக்கொள்வோம். உலர்பொருளில் 12 சதவீதம் எண்ணெய் என்றால் கிடைப்பது 48 கிலோ. எண்ணெய் எடுக்கும் முன் சக்கையைக் காயவைக்க வேண்டும். அந்த 600 கிலோ தண்ணீரையும் அடுப்பின் சூட்டால் ஆவியாக்கினால், 48 கிலோ எண்ணெய் தரக்கூடிய வெப்பத்தில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு அதற்கே செலவாகிவிடும். உலர்த்தியில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் மிச்சம் என்று எதுவும் இருக்காது. ஆனால் கணக்கு இதோடு முடிவதில்லை. எண்ணெய் எடுத்த பிறகும் சுமார் 350 கிலோ உலர்ந்த சக்கை எஞ்சுகிறது. விறகைப் போல எரியும் அந்தச் சக்கையில் எண்ணெயில் இருப்பதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான வெப்பம் அடங்கியிருக்கிறது. எனவே எண்ணெயைப் பிழிந்துவிட்டு மீதியைக் குப்பையில் கொட்டினால் நஷ்டம். மீதியை எரித்து அடுத்த தொகுதியைக் காயவைத்தால் லாபம்.

அடுத்தது தூரம். ஒரு சிறிய காபிக் கடையில் நாளொன்றுக்கு 10 கிலோ ஈரச் சக்கை சேர்ந்தால், மேற்சொன்ன கணக்கின்படி அதிலுள்ள எண்ணெய் அரைக் கிலோகூட இல்லை. அதற்காகக் கடை கடையாக வண்டி ஓட வேண்டும். அந்த வண்டி சுமப்பதில் பாதிக்கு மேல் தண்ணீர். சேகரிக்கத் தாமதமானால் ஈரச் சக்கையில் பூஞ்சணம் பிடித்துவிடும். இதை லண்டனில் பெரிய அளவில் முயன்று பார்த்தார்கள். 2013இல் தொடங்கப்பட்ட பயோ-பீன் நிறுவனம் கடைகளின் சக்கையைச் சேகரித்தது. 2017இல் ஷெல் நிறுவனத்தின் ஆதரவோடு 6,000 லிட்டர் காபி எண்ணெயை லண்டன் பேருந்துகளுக்கான பயோடீசல் கலவையில் சேர்த்தது. உலகெங்கும் செய்தியான அந்த முயற்சியில் கிடைத்தது, ஒரே ஒரு பேருந்து ஓராண்டு ஓட உதவும் அளவு. அந்நிறுவனத்தின் முக்கியச் சரக்காக நிலைத்தவை சக்கையை அழுத்திச் செய்த எரிகட்டைகள்தாம். 2023இல் அந்நிறுவனமும் மூடப்பட்டது.

இன்ஸ்டன்ட் காபி ஆலையில் நிலைமை வேறு. ஒரு கிலோ இன்ஸ்டன்ட் காபித்தூள் தயாரித்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ ஈரச் சக்கை அதே வாசலில் குவிகிறது. சேகரிக்கும் செலவு இல்லை, பூஞ்சணம் பிடிக்க நேரமும் இல்லை. பாய்லரும் நீராவியும் அங்கேயே உண்டு. தமிழ்நாட்டில் தேனியிலும், கர்நாடகத்தில் நஞ்சன்கூட்டிலும், ஆந்திரத்தில் குண்டூர் மாவட்டத்திலும் இத்தகைய ஆலைகள் இயங்குகின்றன. சிக்கரி கலந்த தூளின் சக்கையில் எண்ணெய் குறையும்; சிக்கரி வேரில் எண்ணெய் சொற்பமே. எனவே தூய காபியை மட்டும் வடிக்கும் பிரிவுகளிலிருந்து தொடங்குவதே சரி.

உலகில் பல ஆலைகள் ஏற்கெனவே சக்கையைப் பாய்லரில் எரிக்கின்றனவே, எண்ணெய் எடுப்பது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாய்லருக்கு எந்தத் திட எரிபொருளும் போதும். லாரிக்கு டீசல்தான் வேண்டும். வெப்பத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் எண்ணெயாகப் பிரித்துவிட்டு, மற்றதைப் பாய்லருக்கே அனுப்புவதில் ஆலைக்குப் பெரிய இழப்பில்லை. எண்ணெயைக் கரைத்தெடுக்கப் பயன்படும் ஹெக்சேனே பெட்ரோலியப் பொருள்தானே என்பது இன்னொரு ஆட்சேபம். அதைக் காய்ச்சி வடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். தவிடு, சோயா எண்ணெய் ஆலைகளில் அன்றாடம் நடப்பதுதான். 2018இல் பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெக்சேனே இல்லாமல், மெத்தனாலைக் கொண்டு எண்ணெய் எடுப்பதையும் டீசலாக்குவதையும் ஒரே கட்டமாகச் செய்யும் வழியைக் காட்டினார்கள்.

கடைசி ஆட்சேபம் அளவு பற்றியது. உலகின் காபிச் சக்கை முழுவதும் ஆண்டுக்கு 7.2 லட்சம் டன் பயோடீசல் தரலாம் என்பது லங்காஸ்டர் குழுவின் மதிப்பீடு. ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டன் டீசல் எரிக்கும் இந்தியாவுக்கு அது மூன்று நாள் தேவை. டீசலுக்கு மாற்று என்று இதைக் கொண்டாடுவது தவறுதான். ஆனால் அளவில் சிறியது என்பதாலேயே ஒதுக்கிவிடவும் கூடாது. பயோடீசலுக்காகப் பெரிதாகக் கனவு கண்ட காட்டாமணக்குத் திட்டம் என்னவாயிற்று என்று நமக்குத் தெரியும்: நிலமும் நீரும் உழைப்பும் கொட்டியும் சொன்ன விளைச்சல் வரவில்லை. காபிச் சக்கை ஒரு சென்ட் நிலம்கூடக் கேட்பதில்லை; யாருடைய உணவையும் பறிப்பதில்லை. குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேனாக மாறக்கூடிய ஒன்று, பயன்படும் பொருளாகிறது.

2018இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டில், உணவகங்களில் பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டமும் தொடங்கியது. பலமுறை பொரித்த எண்ணெயைப் போலவே காபி எண்ணெயிலும் கட்டற்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யாவிட்டால் டீசலுக்குப் பதில் சோப்பு உருவாகும். இரண்டுக்கும் ஒரே சுத்திகரிப்பு என்பதால் காபிக்கென்று தனி டீசல் ஆலை கட்டத் தேவையில்லை. காபி ஆலைகள் எண்ணெயைப் பிரித்து, பயன்படுத்திய சமையல் எண்ணெயை டீசலாக்கும் ஆலைகளுக்கு அனுப்பினால் போதும். அரசு காபி எண்ணெயையும் அதே திட்டத்தில் சேர்க்க வேண்டும். வீட்டுச் சக்கையும் கடைச் சக்கையும் மட்கவைத்து உரமாகட்டும். ஆலைச் சக்கையோ எண்ணெயைத் தந்துவிட்டுப் பாய்லருக்குப் போகட்டும். எந்தக் கழிவுக்கும் பொருத்தமான வழி எது என்பதை, அது குவியும் இடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.